பஞ்சிகாவத்தைச் சிறு கடைகள்

கொழும்பு மாநகரைக் காண வருவோர் காலிமுகத் திடலுக்குச் செல்கின்றனர், நூதனசாலைக்குச் செல்கின்றனர், பிள்ளைகளோடு வந்தவர்கள் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்கும் போய் வருகின்றனர். பஞ்சிகாவத்தையைக் காணவேண்டும் என்று ஊரிலிருந்து புறப்பட்டவர் எவரேனும் உண்டோ என்பது ஐயமே. அங்கு வருவோர் ஏறக்குறைய யாவரும் ஏதோ ஒன்று உடைந்து போனமையால் வருவோர். உடைந்தது பெரும்பாலும் ஒரு மோட்டார் வண்டியின் உறுப்பு. சில வேளைகளில் அவ்வண்டியை நம்பியிருந்த ஒரு குடும்பத்தின் வருமானமும் அதனோடு சேர்ந்து நின்றுபோயிருக்கும்.

மட்டக்களப்பிலிருந்தோ பதுளையிலிருந்தோ இரவு வண்டியில் வந்து, விடியற்காலையில் மருதானைப் புகையிரத நிலையத்தில் இறங்கும் ஒரு சாரதியை நேயர்கள் மனத்தில் எண்ணிக்கொள்ளலாம். அவர் கையில் பயணப் பை இல்லை. பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் மட்டுமே இருக்கிறது. எண்ணெய் ஊறித் தாளின் எழுத்துக்கள் மறைந்துவிட்டன. அவர் மருதானைச் சந்தியில் ஒரு தேநீர் குடித்துவிட்டு, கடைகள் திறக்கும்வரை காத்திருந்து, முதலில் திறந்த கடையின் மேசைமீது பொட்டலத்தை அவிழ்க்கிறார்.

“நாநா, இதுக்கு ஒண்டு எடுக்கலாமா?”

கடைக்காரர் வண்டியின் பெயரைக் கேட்பதில்லை. எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்றும் கேட்பதில்லை. பொருளைக் கையில் எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்க்கிறார்.

“தம்பி, இது வண்டியோட வந்த சாமான் இல்ல. முந்தியே யாரோ மாத்திப் போட்டிருக்காங்க. அதனாலதான் ஒடஞ்சிருக்கு.”

சாரதி அந்த வண்டியை வாங்கியது இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர். அதற்கு முன்னிருந்த சொந்தக்காரர் செய்த வேலை இப்போதுதான் அவருக்குத் தெரியவருகிறது. இருநூறு மைலுக்கு அப்பால் நிற்கும் வண்டியின் பழைய வரலாற்றை ஓர் இரும்புத் துண்டைப் பார்த்துச் சொல்லிவிடும் இவ்வித்தையைப் பஞ்சிகாவத்தையில் யாரும் வித்தை என்று சொல்வதில்லை. அது வியாபாரம்.

கடை என்று சொன்னாலும், ஒருவர் இரு கைகளையும் அகல விரித்தால் இரு பக்கச் சுவர்களையும் தொட்டுவிடக்கூடிய இடங்களும் அங்கே உண்டு. மேற்கூரையிலிருந்து புகைக் குழாய்கள் வௌவால்கள்போல் தொங்கும். தரையில் எஞ்சின்கள். சுவரெங்கும் விளக்கு வளையங்கள், சுக்கான் சக்கரங்கள், பெயர் எழுதாத தகரப் பெட்டிகள். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதற்குப் பதிவேடு கிடையாது. கடைக்காரரின் தலையே பதிவேடு. பழைய முறைப்படி கட்டப்பட்ட சில கடைகளுக்கு இன்னும் பலகைக் கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பலகைக்கும் ஓர் இலக்கம். அவ்வொழுங்கிலேயே காலையில் கழற்றி, இரவில் மீண்டும் பொருத்த வேண்டும். ஒழுங்கு தவறினால் கதவு பூட்டாது.

புதியவருக்கு வியப்பளிப்பது இக்கடைகளின் பிரிவினை. ஒரு கடையில் ஊதுகுழல்கள் மட்டும் விற்கப்படும். மற்றொன்றில் கதவுக் கைபிடிகளும் பூட்டுக்களுமே உண்டு. இன்னொன்றில் விளக்குக் கண்ணாடிகள். வில்லுத் தகடுகளை மட்டுமே வைத்திருப்பவரிடம் போய் விளக்குக் கண்ணாடி கேட்டால், அவர் கோபிக்கமாட்டார். தெருவின் எதிர்ப்புறத்தைச் சுட்டிக் காட்டுவார். தம்மிடம் இருக்கவேண்டிய பொருளே இல்லாது போனாலும் அவர் “இல்லை” என்று எளிதில் சொல்வதில்லை. கடைப் பொடியனை ஓடவிடுவார். அவன் அயற்கடையிலிருந்து பொருளைக் கொண்டுவருவான். கணக்கு மாலையில் தீர்க்கப்படும். போட்டியிடும் இருவர் ஒருவரது சரக்கை மற்றவர் விற்பது வர்த்தக நூல்களைக் கற்றவர்களுக்குப் புதிராகத் தோன்றலாம். கையகலக் கடையில் எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது என்பதை உணர்ந்தவர்களுக்கு அதில் புதிர் எதுவும் இல்லை.

அந்தப் பொடியன் கற்கும் பள்ளிக்கூடமும் இதுவே. சான்றிதழ் இல்லாத படிப்பு. முதலில் தேநீர் வாங்கி வருவான். பின்னர் மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவுவான். கழுவும்போதே அவற்றின் உருவம் கைக்குப் பழகிவிடும். அடுத்தபடியாகத் திருகாணிகளைப் பிரிக்கக் கற்றுக்கொள்வான். இது எளிதான காரியமன்று. இங்கிலாந்தில் யோசப் விற்வேர்த் என்னும் பொறியியலாளர் 1841ஆம் ஆண்டில் திருகாணிகளுக்கு ஒரு பொது அளவை வகுத்தார். அதன் புரி 55 பாகைக் கோணத்தில் வெட்டப்படுவது. மில்லிமீற்றர் அளவில் அமைந்த திருகாணியின் புரியோ 60 பாகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றின் துளையில் மற்றதை வலிந்து முடுக்கினால் முதல் இரண்டு சுற்றுக்கள் போகும்; மூன்றாம் சுற்றில் புரி கெட்டுவிடும். பழைய ஆங்கிலேய லொறிகளும் பின்னர் வந்த ஜப்பானிய வண்டிகளும் கலந்தோடிய ஒரு நாட்டில், இவ்விரண்டையும் அளவுகோல் இல்லாமல் விரல் நகத்தைப் புரியின்மேல் ஓட்டிப் பார்த்துப் பிரித்தறியும் சிறுவர்கள் உருவானது தற்செயலானதன்று.

இத்தகைய திறமைகள் செழித்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இலங்கையின் அந்நியச் செலாவணி நிலைமை நெருக்கடிக்குள்ளானது. மோட்டார் வண்டிகளின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. உதிரிப்பாகங்களும் தாராளமாக வரவில்லை. 1977ஆம் ஆண்டில் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இந்நிலைமை பெரும்பாலும் நீடித்தது. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள்! மொறிஸ் மைனர், ஒஸ்ரின், ஹில்மன் முதலிய வண்டிகள் தம் பிறந்த நாட்டிலே பழைய இரும்பாகி மறைந்தபோதும், கொழும்பிலே வாடகைக் கார்களாக ஓடிக்கொண்டிருந்தன. பாகம் கிடைக்காதபோது பாகத்தைச் செய்தார்கள். தேய்ந்துபோன உருளைகளைக் கடைசல் இயந்திரத்தில் விரித்துக் கடைந்தார்கள். பித்தளைக் கட்டியிலிருந்து புஷ் கடைந்தார்கள். கிளச் தகட்டின் தேய்ந்த பரப்பைக் கழற்றிப் புதிய பரப்பை ஆணி அடித்துப் பொருத்தினார்கள்.

காஸ்கற் வெட்டுபவரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எஞ்சினின் இரு உலோகப் பகுதிகள் பொருந்தும் இடத்தில், எண்ணெயோ நீரோ கசியாதபடி இடையிலே வைக்கப்படும் மெல்லிய தகடே காஸ்கற். எஞ்சினைப் பிரித்தால் பழையது கிழிந்துவிடும். புதியது கிடைக்காவிட்டால் எஞ்சின் முழுவதும் வீண். இதற்கு அவர் கத்தரிக்கோல் எடுப்பதில்லை. பென்சிலால் கோடு கீறுவதுமில்லை. தடித்த காகிதத் தகட்டையோ தக்கைத் தகட்டையோ உலோகப் பகுதியின் மேலேயே விரித்து வைக்கிறார். உருண்டை முனையுள்ள சிறு சுத்தியலால் விளிம்பு நெடுகிலும் மெல்லத் தட்டிக்கொண்டே வருகிறார். உலோகத்தின் கூரிய விளிம்பே கத்தியாகித் தகட்டை வெட்டிவிடுகிறது. துளைகளின்மேல் சுத்தியலின் உருண்டை முனை விழும்போது சிறு வட்டங்கள் கழன்று உள்ளே வீழ்கின்றன. சில நிமிட வேலை. எஞ்சின் தன் காஸ்கற்றைத் தானே வெட்டிக்கொள்வதுபோல் இருக்கும். தட்டும் அளவு மிகுந்தால் விளிம்பு மழுங்கிவிடும். குறைந்தால் தகடு கிழியும். அந்த அளவை எந்தப் புத்தகமும் சொல்லித் தந்ததில்லை.

புத்தகம் என்றதும், அப்பகுதியை விட்டு அகலுமுன் பார்க்கவேண்டிய வேறொரு வகைக் கடைகள் நினைவுக்கு வருகின்றன. மருதானையிலிருந்து கோட்டையை நோக்கிச் செல்லும் டி. ஆர். விஜேவர்த்தன மாவத்தை, முன்னர் மக்கலம் வீதி என்று வழங்கப்பட்டது. அதன் ஓரமாகப் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக அமைந்தன. வைத்தியம் படிப்பவனுக்கும் கணக்கியல் படிப்பவனுக்கும், கடந்த கால வினாத்தாள் தேடும் மாணவிக்கும் அவை புகலிடம். இங்கும் பஞ்சிகாவத்தையின் முறைமையே ஆட்சி செய்கிறது. விற்பவர் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அட்டையின் நிறத்தைச் சொன்னால் போதும், அடுக்கின் அடியிலிருந்து உருவிக் கொடுப்பார். முதற் பக்கத்திலே மூன்று பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டு, ஒவ்வொன்றும் அடுத்தவரால் வெட்டப்பட்டிருக்கும். மோட்டார் வண்டிக்கும் பாடநூலுக்கும் கொழும்பின் உழைப்பாளர் பகுதிகளில் ஒரே விதிதான்: ஒருவரோடு முடிந்துபோக அவற்றுக்கு அனுமதி இல்லை.

பஞ்சிகாவத்தைக்குக் கெட்ட பெயரும் உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. நிறுத்தி வைத்த காரின் பக்கக் கண்ணாடி காணாமற் போனால், மறுநாள் பஞ்சிகாவத்தைக்குப் போய் அதையே விலைகொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்பது கொழும்பில் நெடுங்காலமாக வழங்கும் பகடி. பகடி முழுவதும் கற்பனை என்று சொல்வாரும் இல்லை. போலிச் சரக்கைப் புதுப் பெட்டியில் இட்டு விற்பவரும் உண்டு. ஆயினும் வெளியூரிலிருந்து வருபவர் ஒரு கடையில் ஏமாந்தால், அந்தச் செய்தி அவருடைய ஊர்க் கராஜ்களில் மறுநாளே பரவிவிடும். விளம்பரம் செய்யாத கடைக்குப் பெயர் ஒன்றே மூலதனம். ஒரே சாரதியின் தந்தையும் மகனும் ஒரே கடைக்கு வருவதன் காரணம் இது.

இக்கடைத் தெருக்களில் முஸ்லிம்களும் சிங்களவர்களும் தமிழர்களும் அருகருகே வியாபாரம் செய்து வந்திருக்கின்றனர். விலை பேசும்போது ஒரு வாக்கியத்திலேயே மூன்று மொழிகள் கலந்துவிடும். பொருளின் பெயர் ஆங்கிலம், எண்ணிக்கை சிங்களம், பேரம் தமிழ். ஆயினும் 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மருதானையிலும் புறக்கோட்டையிலும் பொரளையிலும் தமிழர் கடைகள் கொள்ளையிடப்பட்டுத் தீக்கிரையாக்கப்பட்டன. பெரிய நிறுவனம் எரிந்தால் அதன் கணக்குகள் வேறிடத்திலும் இருக்கும். தலையையே பதிவேடாக வைத்திருந்தவர் ஊரைவிட்டு அகன்றபோது, எந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்பதும், யார் எவ்வளவு கடன் என்பதும், எந்தச் சாரதியின் வண்டிக்கு எந்த அளவு பொருந்தும் என்பதும் அவரோடு போய்விட்டன. சிலர் திரும்பி வந்து அதே தெருவில் மீண்டும் கதவு திறந்தனர். வராதவர்கள் பலர்.

நகரின் நடுவிலே, நிலத்தின் விலை நாளுக்கு நாள் ஏறும் இடத்திலே, ஒரு பெட்டி காஸ்கற்றும் ஒரு சுத்தியலும் வைத்திருப்பவர் எவ்வாறு நிலைத்தார் என்று சிலர் வினவக்கூடும். திறமை மட்டும் அதற்குப் போதாது. 1948ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், அதன் பின்னர் வந்த 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் பழைய குடியிருப்பாளரையும் சிறு கடைக்காரரையும் எளிதில் வெளியேற்ற முடியாதபடி காத்தன. வாடகை உயராதபோது கட்டிடச் சொந்தக்காரர் கூரையைத் திருத்துவதில்லை. ஆகவே மழைக்காலத்தில் ஒழுகும் கடைகள் மிகுந்தன. ஒழுகும் கூரையின்கீழேயே இத்திறமைகள் பிழைத்துக் கிடந்தன. சட்டத்தை வகுத்தவர்கள் மோட்டார் உதிரிப்பாகங்களை எண்ணி அதனைச் செய்திருக்கமாட்டார்கள்.

அச்சட்டங்கள் தடுத்து நிறுத்த முடியாத வேறொரு மாற்றம் அண்மையில் வந்திருக்கிறது. பேரை வாவியின் அருகே, மருதானைக்குத் தெற்கே கொம்பனித் தெரு இருக்கிறது. அங்கே மலாய் மக்களும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் ஒடுங்கிய ஒழுங்கைகளில் தலைமுறைகளாக வாழ்ந்தனர். பல வீடுகளில் முன்னறையே கடை: தையற்கடை, இடியப்பக் கடை, மணிக்கூடு திருத்தும் மேசை. 2010ஆம் ஆண்டின் பின்னர் நகரப் புதுப்பிப்புத் திட்டங்களின்கீழ் அவ்வொழுங்கைகளிற் பல வெறுமையாக்கப்பட்டன. அவற்றின் அண்டையிலே வானளாவிய மாடிகளும் பேரங்காடிகளும் எழுந்தன. கொழும்பின் உழைப்பாளர் குடும்பங்கள் பல தெமட்டகொடை, வனாத்தமுல்லை முதலிய இடங்களில் அமைந்த அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றன. அவ்வீடுகளில் தனிக் குழாயும் தனிக் கழிவறையும் உண்டு. பொதுக் குழாயடியில் வரிசையில் நின்ற பெண்களுக்கு அது சிறிய நன்மையன்று. ஆனால் பத்தாம் மாடியிலுள்ள வீட்டுக்கு முன்னறைக் கடை கிடையாது. தெருவில் போகிறவர் தற்செயலாக எட்டிப் பார்க்கும் இடத்தில்தான் மணிக்கூடு திருத்துபவருக்குப் பிழைப்பு. மின்தூக்கியில் ஏறி எவரும் மணிக்கூடு திருத்த வருவதில்லை. வீட்டின் பரப்பை அளந்து வீடு கொடுத்தவர்கள், அந்த வாசற்படியின் விலையை எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

பஞ்சிகாவத்தையைப் பார்க்கிறவர்கள் கொம்பனித் தெருவையும் சேர்த்தே நினைக்கிறார்கள். உதிரிப்பாகக் கடைகளை நகரத்துக்கு வெளியே ஒரே கட்டிடத்துக்குக் கொண்டுபோய்விட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. நெரிசல் குறையும் என்பது உண்மை. ஆனால் விடியற்காலை ரயிலில் இறங்கியவர் நடந்தே அடையும் தூரத்தில் அவை இருப்பது அவற்றின் உயிர். காஸ்கற் வெட்டுபவரும் கடைசல்காரரும் புகைக்குழாய் ஒட்டுபவரும் ஒரே தெருவில் இருப்பதனாலேயே, காலையில் வந்தவர் மாலை வண்டியில் பொருளோடு திரும்ப முடிகிறது. அவர்களில் ஒருவரைத் தனியே பெயர்த்து நட்டால் மற்றவரின் வேலையும் அரைகுறையாகும்.

அந்தத் தெருவின் அருமையை நாடு மிக அண்மையில் ஒருமுறை அறிந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மோட்டார் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டது. அந்தத் தடை தனியார் வண்டிகளுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேயே நீங்கியது. இடையில் 2022ஆம் ஆண்டு. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசாங்கம் ஏப்பிரல் மாதத்தில் அறிவித்த ஆண்டு. பெற்றோலுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். டாம் வீதியின் துவிச்சக்கர வண்டிக் கடைகளுக்கு, பல்லாண்டுகளாகக் காணாத வாடிக்கையாளர்கள் வந்தனர்; வங்கி உத்தியோகத்தரும் வைத்தியரும் சைக்கிள் விலை கேட்டனர். பின்வளவில் துருப்பிடித்துக் கிடந்த பழைய சைக்கிள்கள் வெளியே வந்தன. பஞ்சிகாவத்தையில், எறிந்துவிடலாம் என்று ஒதுக்கியிருந்த பாகங்களுக்கு விலை ஏறிற்று. 1977இன் பின்னர் புதிதாக வாங்குவதே சிக்கனம் என்று பழகிப்போன நாடு, தந்தைமார் செய்த வேலையை மைந்தரிடம் மீண்டும் கேட்டது. நல்லகாலமாக அம்மைந்தரிற் சிலர் அவ்வேலையை மறந்திருக்கவில்லை.

இப்பொழுது புதிய வண்டிகள் மீண்டும் துறைமுகத்தில் இறங்குகின்றன. அவற்றின் உள்ளே காஸ்கற்றைவிடக் கணினிப் பெட்டிகளே மிகுதி. சுத்தியலும் நகமும் இங்கு உதவமாட்டா என்று எண்ணத் தோன்றும். ஆனால் மின்சாரமும் பெற்றோலும் கலந்து ஓடும் ஜப்பானிய வண்டிகள் இந்நாட்டில் பெருகியபோது, அவற்றின் பெரிய மின்கலம் பழுதானால் முழுவதையும் மாற்ற வேண்டும் என்பதே பலரின் முடிவாக இருந்தது. அதன் விலை சாதாரண மனிதரால் தாங்கக்கூடியதாக இல்லை. சிறு பட்டறைக்காரர்கள் அதனைத் திறந்து பார்த்தனர். பிரியஸ் வண்டியின் பெட்டி ஒன்றினுள் 28 தனித் தனிக் கூறுகள் தொடராக இணைக்கப்பட்டிருந்தன, ஒவ்வொன்றும் 7.2 வோல்ற்று. கெட்டுப்போனவை அவற்றில் இரண்டோ மூன்றோ மட்டுமே. அவற்றை மட்டும் நீக்கி, வேறொரு பழைய பெட்டியிலிருந்து எடுத்த நல்ல கூறுகளைப் பொருத்தினால் வண்டி மேலும் சில காலம் ஓடும். இவ்வேலையைச் செய்யும் ஓர் இளைஞர் 28 கூறுகளையும் மேசையில் வரிசையாக அடுக்கி, அளவுமானியின் முனையை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டு போகிறார். எண் குறைந்து தெரிந்த கூற்றின்மேல் சோக்குக் கட்டியால் ஒரு புள்ளி இடுகிறார்.